தாய் மொழி, தாய்மொழி: பாங்காக்கிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி, 18 மே 2024

அடுத்த மாதம் வேலை மாற்றலில் பாங்காக் போகிறேன். தாய்லாந்தின் தாய் மொழியில் பாதிச் சொற்கள் நம் பக்கத்துச் சொற்கள்தான், தமிழ் தெரிந்தவர் மூன்றே மாதத்தில் பேசிவிடலாம் என்று அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், இது உண்மையா?

19 மே 2024, காலை

பாதி உண்மை. அந்தப் பாதியைக் கடைத்தெருவில் செலவழிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் நான் வந்து இறங்கிய விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. பலகையில் அப்படியே எழுதியிருந்தது. கும்பகோணத்துக்காரிக்கு வேறென்ன வேண்டும்? பாஷை கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, ஊரிலிருந்து வரும் தோழியை அழைத்துவர டாக்சியில் ஏறி, எழுத்தெழுத்தாக நிறுத்தி "சுவர்ணபூமி" என்றேன். ஓட்டுநர் விழித்தார். இன்னும் திருத்தமாகச் சொன்னேன். இன்னும் விழித்தார். கடைசியில் இரண்டு கையையும் விரித்து, பின் இருக்கையிலேயே விமானம் ஓட்டிக் காட்டினேன். "ஓ, சுவன்னபூம்!" என்றார்.

அந்தக் கடைசி இகரம் எழுத்தில் இருக்கிறது, வாயில் கிடையாது. எல்லாச் சொல்லுக்கும் இதே கதைதான். தூர தர்சனம் இங்கே "தோரதத்". எழுதும்போது கடைசியில் ஒரு னகரத்தைப் போட்டு, அதன் தலையில் "இதைப் படிக்காதே" என்று ஒரு குறியும் போடுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எழுதிவிட்டு, வீட்டில் எல்லோரும் சொல்வது "திவி". டிவிதான்.

19 மே 2024, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் ரொம்பக் கசப்பாக இருக்கிறது. ஆகவே இன்னும் இரண்டு சொல்.

பேருந்து நிலையம், கோயில், பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் "சுகா" என்று பலகை இருக்கும். சுகம்தான். கழிவறை என்று பொருள். நீண்ட பயணம் போனவர்களுக்கு இந்தப் பெயர்ப்பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது "சாமி". வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து இருக்கைப் பெண் தாய் மொழியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்த ஒரே சொல் சாமி. இருக்கிறதா என்று கேட்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. "நிறைய இருக்கு, வீட்டில் ஒரு அலமாரி முழுக்க" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அன்று மதியச் சாப்பாட்டின்போது என்னை எல்லோரும் ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். சாமி என்றால் கணவன். ஸ்வாமி என்பது தேய்ந்து வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று முழுக்க அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

23 மே 2024

நேற்று விடுமுறை. விசாக பூச்சா, அதாவது விசாக பூஜை. ஊரில் அதே நாளில் வைகாசி விசாகம். சுவாமிமலைக்குப் போன படத்தை அண்ணி அனுப்பினாள். அங்கே முருகனுக்கு, இங்கே புத்தருக்கு. புத்த விசேஷ நாள் என்பதால் கடைகளில் மது விற்க மாட்டார்கள். பக்கத்து செவன் இலெவனில் குளிர்பெட்டியைப் பூட்டிவிட்டு, அதன்முன் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அந்தச் சின்னப் பெண் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். நாடு முழுக்கப் பதினாலாயிரத்துக்கு மேல் இந்தக் கடைகள். எங்கள் சந்தில் மட்டும் இரண்டு, எதிரெதிரே. ஒன்றில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி இன்னொன்றில் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கிழமைகளைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஆதித், சன், அங்கான், புத், பருஹத், சுக், சாவ். அங்காரகன் செவ்வாய் என்று தெரிந்தவருக்கும் பிரகஸ்பதி வியாழன் என்று தெரிந்தவருக்கும் ஐந்து நிமிட வேலை. கேள்வி கேட்டவர் இதை வைத்துத் தன் நண்பருக்கு ஒரு மதிப்பெண் போடலாம்.

2 ஜூன் 2024

இப்போது நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். தமிழ் தெரிந்ததால் எனக்கு எளிதாகவில்லை, கஷ்டம்தான் வந்தது.

முதல் வருடம் ஒரு சின்ன நோட்டில் தாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். காரம் என்பதற்கு "பெத்" என்று எழுதினேன். வாத்துக்கும் "பெத்" என்று எழுதினேன். ஒரே உச்சரிப்பு, ஒரே ராகம் (குரலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்கிறேன்), இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ராகம் ஒன்றுதான். ஆனால் காரத்தில் வரும் பகரத்தில் மூச்சு உண்டு, வாத்தில் கிடையாது. நம் எழுத்தில் இரண்டும் ஒரே ப.

ஆறு மாதம் நூடுல்ஸ் வண்டிக்கார அம்மாவிடம் "மை பெத், மை பெத்" என்று கெஞ்சினேன். காரம் வேண்டாம் என்று சொல்வதாக நினைப்பு. வாத்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியில் வாத்தே கிடையாது. "இல்லை, இல்லை, வாத்து இல்லை" என்று தலையாட்டி என்னைச் சமாதானப்படுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் தாராளமாக மிளகாய்த்தூள் போட்டார்.

3 ஜூன் 2024

வாத்துக் கதைக்கு இத்தனை பேர் சிரிப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் கோழிக் கதையை முதலில் சொல்லியிருப்பேன்.

கோழி, "கை". முட்டை, அதுவும் "கை". இங்கேயும் ராகம் ஒன்று, முட்டையில் மட்டும் மூச்சு. கோழி கேட்டால் முட்டை வரும், முட்டை கேட்டால் கோழி. எது முதலில் வந்தது என்ற பழைய கேள்விக்கு என் தட்டில் தினமும் ஒரு பதில் கிடைத்தது.

அலுவலகத் தோழி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துச் சொல். காற்று பட்டால் முட்டை, படாவிட்டால் கோழி. சாப்பாட்டுக் கடையில் நான் கையை வாய்முன் வைத்து ஊதிக்கொண்டு நின்றதைப் பார்த்த கடைக்காரர், சூடாக எதையோ தின்றுவிட்டேன் என்று ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. தாய் எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்தோ பல்லவர் காலத்து எழுத்திலிருந்து. காஞ்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன எழுத்து அது. இவர்களிடம் 44 மெய்யெழுத்து. மூச்சு விடுகிற க, விடாத க எல்லாவற்றுக்கும் தனித்தனி எழுத்து. அனுப்பிவைத்த ஊர்க்காரி நான் ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு கோழிக்கும் முட்டைக்கும் நடுவே அல்லாடுகிறேன்.

(கிரந்தம் வேறு, தமிழ் எழுத்து வேறு என்று யாரும் கிளம்பிவர வேண்டாம். தெரியும். அல்லாடுவது நான்தானே.)

4 ஜூன் 2024

"ராகம் மாறினால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "கிளை" என்று சமமாகச் சொன்னால் தூரம். மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் பக்கம். இதை வைத்து என்னென்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பக்கம்தான் என்று நம்பி நான் ஒரு தடவை நடந்தது நாலு கிலோமீட்டர், ஏப்ரல் மாதத்தில்.

16 ஜூன் 2024

வேறொரு இழையில் போன வருடம் நானே எழுதியதை ஒருவர் தோண்டி எடுத்து வந்திருக்கிறார்: மாம்பழத்துக்கு இங்கே "மமுவங்", ஆகவே அது நம் "மா"தான் என்று எழுதியிருந்தேன். திருத்திக்கொள்கிறேன். கர்வத்தில் எழுதிய வரி அது. எலுமிச்சை "மனாவ்", புளி "மகாம்", பப்பாளி "மலகோ", தேங்காய் "மப்ராவ்", கத்தரிக்காய் "மக்குவ". அந்த "ம" ஏகப்பட்ட காய்க்கும் கனிக்கும் முன்னால் ஒட்டுகிற பொதுவான துண்டு. அதில் ஒன்றை மட்டும் பிடுங்கி நம் மரத்தில் கட்டிவிட்டேன். சந்தையில் காய் விற்கிற பாட்டிதான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தார், எனக்குப் பாடம் நடத்துகிறோம் என்று தெரியாமலே.

17 ஜூன் 2024

சின்னது. ஐந்துக்கு இங்கே "ஹா". அலுவலகக் குழுவில் 555 என்று வந்தால் ஹாஹாஹா என்று அர்த்தம். நான் கணக்குப் பிரிவு. முதல் மாதம் 555 எந்த வவுச்சர் என்று ஒரு மதியம் முழுக்கத் தேடினேன்.

7 ஜூலை 2024

மணி விஷயம். இதை எழுதாமல் விட்டால் புதிதாக வருகிறவர் என்னைத் திட்டுவார்.

ரயில், அலுவலகம், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் 24 மணி நேரக் கணக்கு. பேச்சில் வேறு. இரவு ஏழு மணி "ஒரு தும்", எட்டு "இரண்டு தும்". இப்படியே பதினொன்று "ஐந்து தும்" வரை. நள்ளிரவு தாண்டி ஒரு மணியிலிருந்து "தீ ஒன்று", "தீ இரண்டு" என்று விடிய ஐந்து வரை. தும் என்பது முரசுச் சத்தம். பகலில் வருகிற "மோங்" சேகண்டிச் சத்தம். தீ என்றால் அடிப்பது.

பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்குப் பிறந்தநாள், "சாங் தும்" வந்துவிடுங்கள் என்றார். சாங் என்றால் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பட்டுப்புடவை கட்டி, பரிசுப் பொட்டலத்தோடு நானும் வீட்டுக்காரரும் போய் நின்றோம். அவர் துண்டோடு வந்து கதவைத் திறந்தார். விருந்து இரவு எட்டுக்கு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆறு மணி நேரம் முன்னதாக வந்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் பலூன் ஊதக் கொடுத்தார். ஊதினோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிக்க இடமில்லை. நாமும் மணியடிப்பதை வைத்துத்தானே நேரத்துக்கு "மணி" என்று பெயர் வைத்திருக்கிறோம்? இவர்கள் முரசுக்கும் சேகண்டிக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

8 ஜூலை 2024

வருடமும் வேறு என்பதை மறந்துவிட்டேன். இது 2567. நம் வருடத்தோடு 543 கூட்டிக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டில் 67 என்று தேதி இருந்தால், 2067 வரை கெடாத பால் என்று மகிழ வேண்டாம்.

28 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டாராம். வாழ்த்து. "சொற்களில் உதவி இல்லையென்றால் தமிழருக்கு இங்கே என்னதான் எளிது?" என்று கேட்கிறார்.

உறவுமுறை. இங்கே முன்பின் தெரியாதவரையும் வெறும் "நீங்கள்" என்று கூப்பிட மாட்டார்கள். கொஞ்சம் மூத்தவர் ஆணோ பெண்ணோ "பீ", இளையவர் "நாங்". அத்தை பெரியம்மா வயது "பா", பாட்டி "யாய்". ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர் "பீ". எங்கள் வீட்டுக்குச் சந்துமுனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். சந்துமுனைக்கு இவர்கள் சொல்வது "பாக் சாய்", சந்தின் வாய். அந்த வாயில் நிற்கிற ஏழெட்டு அண்ணன்களில் எந்த அண்ணன் வேகமாகப் போவார், எந்த அண்ணன் மழையில் குடை கொடுப்பார் என்று எனக்கு அத்துப்படி.

சந்திக்கும்போது கேட்பது "சாப்பிட்டாச்சா?" "கின் காவ் ரூ யங்?" என்றால் சோறு தின்றாயா இல்லையா என்றுதான். பதில் முக்கியமில்லை என்பதும் நம் ஊர் மாதிரியே.

ஒரு எச்சரிக்கை. நாற்பது வயதுப் பெண்ணைப் "பா" என்று கூப்பிட்டுவிடாதீர்கள். ஊரில் கல்லூரிப் பையன் நம்மை ஆன்ட்டி என்றால் வருமே ஒரு முகம், அதே முகம் இங்கேயும் வரும். சந்தேகமாக இருந்தால் "பீ". எழுபது வயதானாலும் "பீ" என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கூட ஒரு கொய்யா போடுவார்கள்.

11 ஆகஸ்ட் 2024

லும்பினி பூங்கா. புத்தர் பிறந்த இடத்தின் பெயர்தான். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடுகிறவர், நடக்கிறவர், தொப்பையைக் குறைக்க வந்து இளநீர் குடிக்கிறவர் எல்லோரும் அப்படியே நிற்பார்கள். நிற்காதது ஏரியில் இருக்கிற உடும்பு மட்டும். ஆள் நீளம் இருக்கும், பாதையைச் சாவகாசமாகக் கடந்து போகும்.

அதன் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு மேலாளரிடம் கேட்டேன். அறையே அமைதியானது. உடும்பின் அசல் பெயர் இங்கே கெட்ட வார்த்தை, அதுவும் நல்ல காரமான கெட்ட வார்த்தை. நாகரிகமாகச் சொல்ல "வெள்ளி உடல், தங்க உடல்" என்று பொருள்படும் இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள். தூய தமிழில் திட்டினால் வலிக்காது என்பார்களே, அது நினைவுக்கு வந்தது.

5 அக்டோபர் 2024

இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மா வந்திருக்கிறாள். தாய் தாய்லாந்து வந்த கதை என்று தலைப்புப் போடலாம் என்றார் வீட்டுக்காரர், போடவில்லை.

அம்மா சுத்த சைவம். சைவத்துக்கு இங்கே அகராதிச் சொல் "மங்சவிரத்". மாம்ச விரதிதான். அம்மாவுக்குச் சொன்னதும் பூரித்துப்போனாள். கடைக்காரரிடம் சொன்னால் அவரும் பூரித்து, இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொடுப்பார். மாம்சம் வேறு, "நம் ப்லா" என்கிற அந்த மீன் சாறு வேறு. அந்த மீன் சாறு இல்லாமல் சமைப்பது நம்மை உப்பு இல்லாமல் சமைக்கச் சொல்வதுபோல.

சொல்ல வேண்டிய சொல் "ஜே". சீனர் வழி விரதம். இறைச்சி, மீன், முட்டை, பால் இல்லை. பூண்டு வெங்காயமும் இல்லை. அதற்கு வருடத்தில் ஒன்பது நாள் திருவிழா, தெரு முழுக்க மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து. இந்த வருடம் அது தொடங்கியது 3ஆம் தேதி. நவராத்திரி தொடங்கியதும் 3ஆம் தேதி. தற்செயல் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துப் பார்த்துச் சொன்னார்: சீனர்களின் ஒன்பதாம் மாத வளர்பிறையில் முதல் ஒன்பது நாள் அது, நமக்கு அமாவாசை கழிந்து வருகிற ஒன்பது நாள். ஒரே நிலாவை இரண்டு வீட்டுக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் கிடைக்காது என்று ஊரிலிருந்து ரசப்பொடி மூட்டையோடு வந்த அம்மா, மூட்டையைப் பிரிக்காமல் வண்டி வண்டியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

13 அக்டோபர் 2024

நேற்று விஜயதசமி. சீலோம் மாரியம்மன் கோயில் ஊர்வலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். ஊர்க்காரர்கள் சொல்வது "வாட் கேக்". கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களுக்கும் அதுதான் பெயர். விருந்தாளி கோயில். கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள், சீன வழியினர். மஞ்சள் சாமந்தி, தேங்காய், சூடம் எல்லாம் அவர்கள் கையில். அம்மாவைப் பார்த்து ஒரு பெண் ஏதோ கேட்டாள். அம்மா தமிழில் விளக்கினாள். இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள், நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆறு வருடம் நான் படித்த ராகம், மூச்சு எதுவும் அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. சந்தைப் பாட்டி அவளை "மே" என்கிறார். அம்மா என்று பொருள். இவள் பாட்டியை "ஏம்மா" என்கிறாள். பேரம் சுமுகமாக முடிகிறது.

20 அக்டோபர் 2024

அம்மாவை ராட்சத ஊஞ்சல் பார்க்க அழைத்துப் போனேன். தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா காலத்தில், 1784இல் வைத்தது. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில். 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றுபோனது. அந்த விழாவுக்குப் பெயர் "திரியம்பவாய்". திருவெம்பாவை என்று இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஊஞ்சல் நின்றாலும் கோயில் சடங்கு நிற்கவில்லை. மார்கழி ஒட்டி நடக்கும்போது நம் பாவைப் பாடல்களைச் சொல்கிறார்கள், உச்சரிப்பு அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

அம்மா ஊஞ்சல் கம்பத்தின் கீழே நின்று "ஆதியும் அந்தமும் இல்லா" என்று மெல்ல ஆரம்பித்தாள். பூ விற்கிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "ஐப்பசியில் எதுக்கு மார்கழிப் பாட்டு?" என்று அவளே நிறுத்திக்கொண்டாள்.

ஆக, கேள்வி கேட்டவரின் நண்பர் சொன்னது முழுப் பொய்யில்லை. சொற்கள் வந்திருக்கின்றன. நம்மிடம் கேட்டுக்கொண்டு வரவில்லை, போன இடத்தில் அவர்கள் வாய்க்கு ஏற்ப மாறிவிட்டன.

16 நவம்பர் 2024

நேற்று லோய் கிராதோங். வாழைமட்டைத் தெப்பத்தில் பூவும் ஊதுவத்தியும் வைத்து நீரில் விட்டார்கள். அதைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள், எனக்குச் சொல்ல வந்தது சாப்பாட்டு விஷயம்.

அம்மா ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள், நான் மதியம் என்ன சாப்பிடுகிறேன் என்று பார்க்க அலுவலகம் பக்கம் வந்தாள். கப்ராவ் இலை போட்டு வதக்கிய கோழி. இலையைக் கிள்ளி முகர்ந்தாள். "இது துளசிடி" என்றாள். துளசிதான். "துளசியில கோழியா?" அதற்குமேல் பேசவில்லை. விமான நிலையம் வரை பேசவில்லை.

அந்த உணவைத்தான் நான் இப்போது தினமும் வாங்குகிறேன், காரணம் துளசி இல்லை. அதன் முழுப் பெயர் "பத் கப்ராவ் கை கை தாவ்". முதல் கை கோழி, இரண்டாவது கை முட்டை, தாவ் என்றால் நட்சத்திரம். மேலே ஒரு பொரித்த முட்டை. எந்தக் கைக்கு மூச்சு விட்டாலும், எதற்கு விடாவிட்டாலும், இரண்டும் தட்டில் வந்துவிடும்.

நேற்று ஊதிப் பார்க்காமல் தைரியமாகச் சொன்னேன். கடைக்கார அம்மா இரண்டு முட்டை வைத்துக் கொடுத்தார். கோழி இல்லை.